ஸ்டவ் பின்

அண்ணி: மெதுவா அடி தம்பி. அது என்ன சைக்கிள் பம்பா? வாஷர் கிழிஞ்சிடப் போவுது.

தம்பி: ஆறு வருஷம் பெட்டிக்குள்ளயே கெடந்த ஸ்டவ் அண்ணி. பம்பு வேல செய்யுதான்னு பாக்க நாலு அடி அடிக்கறேன்.

அண்ணி: உள்ளங்கையளவு பித்தளை. உங்கண்ணன் இதுக்குப் பண்ணின சீராட்டு எனக்கு ஒரு நாள் கெடச்சதில்ல.

தம்பி: பனிமலையில இது அணைஞ்சா ஆளே அவ்ளோதான். பனிய உருக்கினாத்தான் குடிக்கத் தண்ணி... சரி, எடுத்துட்டுக் கெளம்பறேன். மலையேறும் சங்கத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கணுமாம்.

அண்ணி: ஒரு தடவ பத்தவெச்சுக் காட்டிட்டுப் போயேன்.

தம்பி: வேணாமே...

அண்ணி: ஏன்?

தம்பி: நாசில் அடைச்சிருக்கு. அன்னிக்கு மலையில அடைச்சது. குத்திவிடப் பின் இல்லயே.

அண்ணி: மெதுவா பேசு. அத்தை உள்ள இருக்காங்க.

தம்பி: இருக்கட்டும். மெதுவா பேசினா மட்டும் அம்மா என் மொகத்தப் பாத்துடுவாங்களா? ஆறு வருஷமாப் பாக்கல. அந்தப் பின்ன வீட்டுல மறந்து வெச்சிட்டுப் போனவன் நான்தானே? ரெண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணியில்லாம, அண்ணன் என் மடியிலதான்...

அண்ணி: நீயா மறந்த?

தம்பி: ம்.

அண்ணி: என் கண்ணப் பாத்துச் சொல்லு.

தம்பி: நான்தான் அண்ணி. எத்தன தடவ சொல்றது?

அண்ணி: இந்தா, கைய நீட்டு.

தம்பி: என்னது... அண்ணி!

அண்ணி: பின்னுதான். நீங்க கெளம்பற அன்னிக்குக் காலையில என் மண்ணெண்ணெய் அடுப்பு அடைச்சுப் புகைஞ்சுது. நீங்க சரிபாத்துக் கட்டிவெச்ச பெட்டியப் பிரிச்சு எடுத்தேன். குத்தினேன். ஜன்னல் மேல வெச்சேன்... திருப்பி வைக்கல. அத்தை ஒன்னத் திட்டுறப்பல்லாம் வாய மூடிக்கிட்டு நின்னேனே, பாவி! இன்னிக்கு அவங்க கால்ல விழுந்து சொல்லிடறேன். வழிய விடு.

தம்பி: உக்காருங்க.

அண்ணி: விடுடா!

தம்பி: உக்காருங்க அண்ணி... அங்க பெட்டியத் தொறந்ததுமே அண்ணன் சிரிச்சிட்டாரு. "உங்கண்ணி அடுப்பு குத்த எடுத்திருப்பாடா, அதான் கெளம்பறப்ப டீ அவ்ளோ சீக்கிரம் வந்துச்சு"ன்னாரு. அப்புறம் பேச்சு கொழற ஆரம்பிச்சப்ப என் கையப் புடிச்சிக்கிட்டாரு. "நீயே மறந்ததாச் சொல்லிடு. அம்மா ஒன்ன மன்னிச்சிடுவாங்க, அவள மன்னிக்க மாட்டாங்க"ன்னாரு.