மியெனுக்கு எழுதிய இரங்கல் தாள்

— அட, ஏண்ணே இப்படி முழிக்கிற? நான்தான், மியென். வேணும்னா தொட்டுப் பாரு.

— உன்னை எங்கெல்லாம் தேடினோம் புள்ள! கடைசி லாரி கெளம்புற வரைக்கும் தேடினோம். அதாவது… உன் டயர் செருப்பு ஒண்ணுதான் கெடச்சுது.

— வெடிச்ச வேகம் என்னைப் பள்ளத்துல தூக்கிப் போட்டுடுச்சு. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேக்கல. இப்பவும் எடது காது அடச்சுக் கெடக்கு, சத்தமாப் பேசு லிச் அண்ணே. ரோட்டுல புதைஞ்சு கெடந்த காந்தக் குண்டு நாலும் வெடிச்சுதா?

— நாலும்.

— பின்ன! இரும்புப் பீப்பாயைக் கயித்துல கட்டி ரோட்டோரமா இழுத்துக்கிட்டு ஓடினா எந்தக் காந்தக் குண்டு சும்மா இருக்கும்? நாலாவதுக்குத்தான் கொஞ்சம் அவசரம்.

— நம்ம ரோட்டுப் பிரிவுப் பொண்ணுங்க குண்டுக் குழியை மூடி, ரெண்டே மணி நேரத்துல ரோட்டைத் தொறந்துட்டாங்க.

— தெரியும். மல்லாந்து கெடந்து, தரை அதிர்றதை வச்சே லாரியை எண்ணினேன். தெக்கே பாரத்தோட போனது இருபத்தாறு. வடக்கே லேசாத் திரும்பினது அஞ்சு. சிரிப்பு வந்துடுச்சுண்ணே. அமெரிக்கக்காரன் இவ்ளோ குண்டைக் கொட்டியும் ஒரு ராத்திரிக்குக்கூட நம்ம ரோட்டை மூட முடியலையே!

— மியென், கொஞ்சம் உக்காரு. மரவள்ளிக் கெழங்கு வெந்திருக்கு…

— கெழங்கு கெடக்கட்டும். அந்தத் தாளைக் கொடு.

— எந்தத் தாளு?

— நேத்து சாயங்காலம் நான் குண்டை வெடிக்க வைக்கக் கெளம்புறதுக்கு முன்னாடி, என்னை எதுக்க உக்கார வச்சு, ஊதுவத்தி கொளுத்தி வாசிச்சியே, என் இரங்கல் தாளு. 'மியென் பொறுமைசாலி'ன்னு நீ படிச்சதும் சமையக்காரம்மா வாய்விட்டுச் சிரிச்சாங்களே! குண்டுக்குப் போனவ உசுரோட திரும்பினா, தன் கையாலயே அதைக் கிழிக்கணும். அதானே நம்ம பிரிவு வழக்கம்?

— ஆமா. வழக்கம்தான்.

— அப்ப கொடு.

— எங்கிட்ட இல்ல.

— தொலைச்சுட்டியா? எழுத்தர் வேலைக்கு உன்னைவிட்டா ஆளே இல்ல போ!

— அனுப்பிட்டேன்.

— எங்க?

— உங்கம்மாவுக்கு.

— அம்மாவுக்கா?

— கோவப்படாத. அதாவது… நம்ம பிரிவுப் பொண்ணு வான் செத்தப்ப தாளு போய்ச் சேர நாலு மாசம் ஆச்சு. அது தெரியாம அவங்கம்மா மகளுக்குக் குளுருக்குச் சட்டை பின்னி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. கமாண்டர் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டாரு. இந்தத் தடவையும் தாமதமாகக் கூடாதுன்னுதான்… காயம்பட்டவங்களை ஏத்திக்கிட்டு வடக்கே போன கடைசி லாரியில கொடுத்தேன். டிரைவர் தொவான் உங்க ஊர்க்காரன், நேர்லயே கொடுத்துடறேன்னான்.

— என்னண்ணே பண்ணிட்ட! எங்க வீட்டுக்கு அது மூணாவது தாளு.

— தெரியும்.

— உனக்குத் தெரியாது. மூத்த அண்ணன் தாளு வந்தப்ப அம்மா அழுதா. சின்ன அண்ணன் தாளு வந்தப்ப அழல. ஒரு வார்த்தை பேசாம நடந்து போய்க் கொளத்துல எறங்கிட்டா. தலைமுடியைப் பிடிச்சு இழுத்துக் கரையேத்தினது நான். இப்ப அந்த வீட்டுல இழுக்க யார் இருக்கா?

— படகுத்துறைக்குப் போன் போடலாம். ஆத்தைத் தாண்டியிருக்கலேன்னா தொவானை நிறுத்திடலாம்.

— தாண்டியிருந்தா?

— அதுக்கப்புறம் உங்க ஊர் வரைக்கும் போனே கெடையாதே… இரு, சுத்துறேன். ஹலோ! படகுத்துறையா? பாவ் மாமா, ஆறாம் வளைவுலேர்ந்து லிச் பேசுறேன். இந்தா, மியென் பேசுறா.

— மியெனா! உசுரோடவா இருக்க கண்ணு! நீ செத்துட்டேன்னு தொவான் அழுதுக்கிட்டே போனான்டி!

— மாமா, அவன் ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

— அந்தப் பக்கம். எப்பவோ போயிட்டான்.

— விடியக்காலை அமெரிக்கக்காரன் உங்க பக்கம்தானே குண்டு போட்டான்? இங்க மலையே அதிர்ந்துச்சே.

— மூணு தடவை வந்தான் கண்ணு! அறுபது குண்டுக்குக் கொறையாது. செத்ததெல்லாம் மீனுதான். இன்னிக்கு எங்களுக்கு மீன் கொழம்பு! நம்ம மிதவைப் பாலத்து மேல ஒரு கீறல் இல்ல.

— ஒரு லாரிகூட நிக்கலையா?

— நிக்க விட்டாத்தானே! நல்ல மூடுபனி வேற, பிளேன் கண்ணுல படாதுன்னு தொவான் விடிஞ்ச பின்னாலயும் தைரியமா ஓட்டுறான். இந்நேரம் உங்க ஊருக்குள்ள நொழஞ்சிருப்பான். மியென்? லைன்ல இருக்கியா? எதுக்கு அழுவுற கண்ணு, ஒரு வண்டியைக்கூட எழக்கலையே நாம!

— ரெண்டு வருஷமா ஓயாம குண்டு போடுறானே மாமா… அந்த ஒரு லாரியை அடிச்சிருக்கக் கூடாதா?