உப்பு வேணாம்

— யீரோன்னா இன்னா மாமா?

— யாரு கேட்டா?

— திங்கட்கிழமை போன்ல ஒருத்தர். முருகவேல் கடைதானேன்னு உங்க பேரைச் சொல்லிக் கேட்டுட்டு, ஒரு யீரோ, உப்பு வேணாம்னாரு. பிரஷர் இருக்கும்போல. அது நம்மகிட்ட இல்லன்னு வெச்சிட்டேன்.

— அதுவும் நம்ம ஷவர்மா மாதிரிதான், தனம். கம்பியில சுத்தற கறியைச் சீவி ரொட்டியில வெச்சா நாட்டுக்கு ஒரு பேரு. யீரோங்கறது கிரீஸ்ல. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரனா இருப்பான்.

— வெள்ளைக்காரன் நம்ம கீழ்பென்னாத்தூர் பேச்சு பேசுவானா? செவ்வாய்க்கிழமையும் அதே குரல். டோனர் கேட்டாரு. அதுக்கும் உப்பு வேணாமாம்.

— டோனரா? அது துருக்கியில சொல்றதாச்சே. அப்புறம்?

— நேத்து ஒழுங்கா ஷவர்மான்னே கேட்டாரு. எங்க அனுப்பணும்னேன். குவைத்ல இருக்கேன், வந்துக்கினே இருக்கேன்னு சிரிக்கிறாரு. வெள்ளிக்கிழமை பௌர்ணமி கிரிவலம், கடை இல்லன்னேன். அதுக்குள்ள வந்துடறேன்னாரு. ஏன் மாமா கத்தியைக் கீழ வெச்சிட்டீங்க?

— அடுப்பை அணை.

— ஆபீஸ் விடுற நேரம் மாமா. இப்பவே ஒருத்தர் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு வெளிய நிக்கிறாரு. சீட்டு நனைஞ்சி ஒட்டிக்கினு இருக்கு, பிரிக்கவே வரல.

— அணைன்றேன்ல. போன் பண்ணது வல்லரசு.

— உங்க கூட்டாளியா? அவரு குவைத்ல வேலையில இருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்க அம்மா வாரா வாரம் சோறு எடுத்துக்கினு வந்து, எப்ப வருவான்னு கேட்டுட்டுப் போகுதே.

— பொய் சொன்னேன். குவைத்ல இருந்து ரெண்டு பேரும் துருக்கிக்குப் போனோம். அங்க இருந்து ரப்பர் போட்டுல கிரீஸுக்கு. எறங்குனதும் யீரோ துன்னலாம்டான்னு வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தான். கரை தெரியறப்போ போட்டு கவுந்துடுச்சி. என் காலைப் புடிச்சிக்கினான், தனம். நான் ஒதைச்சி விட்டுட்டேன். உப்புத்தண்ணியிலயே போயிட்டான்.

— ஐயோ மாமா. அந்தம்மா கையால சோறு துன்னீங்களே.

— கிரீஸ், துருக்கி, குவைத்து. போன வழியாவே திரும்பி வரான்.

— யாரோ தெரிஞ்சவங்க வெளையாடறாங்க மாமா. பயமுறுத்தாதீங்க.

— கெளம்பறதுக்கு முன்னாடி, நம்ம ஊர்ல கடை போட்டா வெக்கலாம்னு நாங்களே இதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தோம். எனக்கும் அவனுக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் பாக்கி இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்.

— கறிச்சுருட்டா?

— உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லியே.

— இப்பதான் மாமா சீட்டைப் பிரிச்சேன். ரெண்டு கறிச்சுருட்டு, உப்பு வேணாம், ஒண்ணு முருகவேலுக்குன்னு எழுதியிருக்கு.