பூஜை அறைக் கேமராவை உடைத்தது தொடர்பாக

என் பெயர் தங்கவேலு, வயது 71, தகப்பனார் சின்னான், இருப்பிடம் பெருமாநல்லூர். அவ்வூர் பனியன் கம்பெனி ஒன்றின் பூஜை அறையில் தினமும் காலையில் விளக்கேற்றிப் பதிகம் ஓதி, வேலைக்கு வருகிறவர்களுக்குத் திருநீறு வழங்குவது என் பணி.

சென்ற வாரம் கம்பெனி மேலாளர் வேல்குமார் என்னிடம் வந்து, வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டபடி, நேர்மை, மரியாதை என்று கம்பெனிச் சுவரில் எழுதியிருப்பவை உள்ளே நடக்கின்றனவா எனத் தொழிலாளர்களிடமே கேட்டறியப் போவதாகச் சொன்னார். தம்மை மரியாதையாக நடத்துகிறார்கள் என்பவர் வெள்ளைப் பொத்தானும், இல்லை என்பவர் கறுப்புப் பொத்தானும், தனித்தனியே பூஜை அறைக்குள் சென்று டப்பாவில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலாளர்கள் தயங்கவே, வேல்குமார் கேட்டுக்கொண்டதன்பேரில் நான் முன்னால் நின்று, "உள்ளே சாமியத் தவர ஆரும் பாக்க மாட்டாங்க, பயப்படாமப் போடுங்க கண்ணுகளா" என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பின்பு அனைவரும் போட்டனர்.

இன்று காலை, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்து தையல் பிரிவில் வேலை செய்யும் சித்ராதேவி, வேலையிலிருந்து நீக்கப்பட்டு, கம்பெனிக் குடியிருப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, துணி மூட்டையோடும் பெண் குழந்தையோடும் கேட்டுக்கு வெளியே நின்றாள். விசாரித்ததில், "நீங்க சொன்னீகன்னுதானய்யா கறுப்பப் போட்டேன். என் கையை எனக்கே செல்போன்ல காட்டுறாரு மேனேஜரு. என் வளையலு, என் கையி. இல்லேன்னு எப்படிய்யா சொல்ல?" என்றாள். கழிவறைக்குப் போக டோக்கன் கேட்டபோது சூப்பர்வைசர் அவளைச் சொன்ன வார்த்தைக்காகவே கறுப்பைப் போட்டிருக்கிறாள். இறைவன் பெயரை ஓதும் வாயால் அவ்வார்த்தையை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளவும்.

அதன் பின்பு நான் பூஜை அறைக்குள் சென்று தேடியதில், சுவாமி படத்தைச் சுற்றிய சீரியல் விளக்குகளுக்கிடையே, திருநெற்றிக்கு நேர் மேலே, சுண்டைக்காய் அளவில் ஒரு கேமரா இருந்தது. ஒரு வாரமாக அதற்கும் சேர்த்தே தீபாராதனை காட்டியிருக்கிறேன். வேல்குமாரை வரவழைத்துக் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்று, "ஏனுங்க சாமி, கல்ச்சரச் சரி பண்ணச் சொன்னாங்க. சரியில்லாத ஆள அனுப்பியாச்சு. இப்ப எல்லாம் ஒரே லைன்ல நிக்குதல்லங்க" என்று சிரித்தார். அதன் பின்பு நான் அந்தக் கேமராவைப் பிடுங்கி, தேங்காய் உடைக்கும் கல்லில் தூளாகும் வரை அடித்தேன். வேல்குமாரை நான் தொடவில்லை.

வேல்குமார் கொடுத்த புகாரின்பேரில் இக்காவல் நிலையத்துக்கு நான் அழைத்து வரப்பட்ட பிறகு, அவர் என்னருகே அமர்ந்து, "நாளைக்குப் பிரேயர்ல, கேமரா திருட்டுப் பயத்துக்கு வெச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார். என் வாயை இரண்டாம் முறை வாடகைக்குக் கேட்கிறார். மறுத்துவிட்டேன். சித்ராதேவிக்கு வேலையும் வீடும் திரும்பக் கிடைக்க வேண்டும். நிலைய வாசலில் காத்திருக்கும் அவளுடைய புகாரையும் இன்றே பதிவு செய்ய வேண்டும்.

இதை எழுதிவரும் உதவி ஆய்வாளர், "பெரியவரே, ஆத்திரத்துல தெரியாமப் பண்ணீட்டன்னு போட்டுக்கலாமுங்களா? உங்களுக்கு நல்லதுங்க" என்றார். ஆத்திரம் உண்மை, இப்போதும் இருக்கிறது. தெரியாமல் என்பது பொய். அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதியதைப் படிக்கக் கேட்டு, என் சொல்லில் கூடுதலோ குறைவோ இல்லை எனக் கண்டு, இதன்கீழ் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. தங்கவேலு