கதவு உள்ளிருந்து திறக்கும்

மேடைப் பேச்சுக்குப் பதினெட்டு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் முன்வரிசைக்காரர்கள் கைக்கடிகாரத்தையும் பின்வரிசைக்காரர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலையும் பார்க்க ஆரம்பிப்பார்கள். இருபது வருடமாகப் பேச்சு எழுதுகிறேன். ஒருமுறைகூடப் பதினெட்டைத் தாண்டியதில்லை. போன வியாழக்கிழமை மட்டும் இருபத்தாறு நிமிடம் ஆனது. அது வேண்டுமென்றே செய்தது.

ஸ்டேஷனில் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்தத நடந்தபடி எழுதுங்க, அலங்காரம் வேண்டாம்" என்றீர்கள். எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. முயன்று பார்க்கிறேன்.

குளிர்பதனக் கிடங்கில் அலுவலக மேலாளர் நான். கடிதம், வருகைப் பதிவு, லாரி வரும் நேரம் எல்லாம் என் பொறுப்பு. அவற்றோடு முதலாளியின் பேச்சுகளும். அவர் வட்டாரத் தொழில் கூட்டமைப்புக்குத் தலைவரான பிறகு மற்ற வேலைகளெல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டன. ஊரே அவரைத் 'தலைவர்' என்றது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை தலைமைப் பண்பு மாநாடு நடக்கும். ஆறு பேர் பேசுவார்கள். மருத்துவமனை உரிமையாளர், கல்லூரித் தாளாளர், அடுக்குமாடி கட்டுகிறவர், சமூக நலச் சங்கத்துப் பெரியவர், இன்னும் ஒருவர், கடைசியாகத் தலைவர். இந்த ஆறில் நான்கு பேச்சு என்னுடையது. தலைவர் என்னை அவர்களுக்கெல்லாம் இரவல் கொடுப்பார், ஏணியை இரவல் கொடுப்பது போல. அவர்கள் யாரும் பேச்சை முன்கூட்டிப் படிப்பதில்லை. தங்கள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் விரலை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வருடம் சோதித்துப் பார்க்க எண்ணி, கரையேற்றிவிட்டுக் கூலி வாங்க மறுத்த படகோட்டியின் கதையை மூன்று பேச்சில் வைத்தேன். மூன்று பேரும் கண் கலங்கச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்ற இருவரும் கை தட்டினார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் கூடியிருந்தவர்களுக்கு, "பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவனே தலைவன்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரியும் என்னுடையதுதான்.

என் மனைவிக்குப் படகோட்டி விஷயம் தெரியும். மாலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்னங்க, உங்க படகுக்காரரு இன்னிக்கு எத்தன தடவ கரையேறினாரு?" என்பாள். அவளும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தாள். சரக்குச் சரிபார்ப்பு. மைனஸ் இருபது டிகிரியில் பெட்டிகளை எண்ணி, சீட்டு ஒட்டி, வெளியே வந்து விரல்களை ஊதிக்கொண்டு எழுதுவாள். என் எழுத்துக்கு அவள் வைத்த பெயர் 'ஊதாத நெருப்பு'. காரணம் கேட்டால், "புகையும் வராது, சோறும் வேகாது" என்று சிரிப்பாள்.

போன வருட மாநாட்டு நாளில் அவள் கிடங்கின் மூன்றாம் குளிர் அறையில் இறந்துபோனாள். அது உங்கள் கோப்பில் இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. உள்ளே ஒரு கைப்பிடி உண்டு, தள்ளினால் திறக்க வேண்டும். அது உடைந்து நான்கு மாதமாகியிருந்தது. அதனால் உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். அன்று கட்டை வழுக்கியிருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆபத்து மணிக்கான பொத்தானும் உண்டு. அழுத்தினால் மாடியில் என் அலுவலகத்தில் மணி அடிக்கும். கைப்பிடியை மாற்றச் சொல்லி நான் மூன்று முறை எழுதினேன். தலைவர் மூன்று முறையும் 'பார்க்கலாம்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன.

மாநாட்டுக்கு அரங்கின் பின்வரிசைகளை நிரப்புவது எங்கள் கிடங்குத் தொழிலாளர்கள்தான். "பின்னாடி நாற்காலி காலியா இருந்தா போட்டோல அசிங்கமா இருக்கும்" என்பார் தலைவர். காலையில் இரண்டு பேருந்து வரும். வாசல் காவலர் உட்பட எல்லோரையும் ஏற்றிப் போகும். போன வருடம் அவள் மட்டும் ஒரு லாரிக்கான சரக்கை எண்ணி முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கினாள். நான் மாடியில் இருந்தேன். மதியம் பேச வேண்டியதைத் தலைவர் காலை ஒன்பது மணிக்கு மாற்றி எழுதச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு முடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் எப்போதோ கிளம்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு அவளுடைய தம்பிதான் போய்க் கதவைத் திறந்தான்.

விசாரணை நடந்தது. ஈரக்கசிவால் மணி வேலை செய்யவில்லை என்று எழுதினார்கள். மனிதத் தவறு என்றும் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகும் பேச்சு எழுதினாயா என்று கேட்பீர்கள். எழுதினேன். வேறென்ன தெரியும் எனக்கு? இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேசியதும் நான் எழுதியதுதான். அதில் ஒரு வரி வைத்தேன்: "இன்று எங்கள் கிடங்கில் ஒவ்வொரு கதவும் உள்ளிருந்து திறக்கும்." அப்படி எழுதி வைத்தால் வெட்கத்துக்காகவாவது கைப்பிடியை மாற்றுவார் என்று நினைத்தேன். அவருக்கோ வரி பிடித்துப்போனது. அடுத்தடுத்து நான்கு மேடைகளில் சொன்னார். நான்காவது மேடையில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கைப்பிடி அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னதே செய்ததாகிவிடும் என்பது அந்தக் கூட்டத்தாரின் கணக்கு. மருத்துவமனைக்காரர் ஏழைகளுக்கென்று ஒரு தளம் திறந்திருப்பதாக ஆறு வருடமாகச் சொல்லிவருகிறார். அவர் மருத்துவமனையில் அப்படி ஒரு தளமே இல்லை. லிப்டில் அதற்குப் பொத்தானும் இல்லை.

இந்த வருட மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு தலைவர் கூப்பிட்டார்.

"புலவரே, இந்தத் தடவ கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும். உங்க வீட்டம்மாவப் பத்தி ரெண்டு வரி போடுங்க."

"என்ன போடணும் சார்?"

"நம்ம குடும்பத்துல ஒருத்தர இழந்தோம், அந்த மாதிரி. அப்புறம் தினமும் காலைல நான் அந்த ரூமுக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வரேன்னு போடுங்க. தொழிலாளியோட குளிர் என்னன்னு தெரிஞ்சுக்கறதுக்கு. எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"சபை கரைஞ்சிடும்ல?"

"கரைஞ்சிடும் சார்."

அவர் அந்த அறைக்குள் கால் வைத்து ஒன்பது வருடமிருக்கும். நான் எழுதினேன். நன்றாகவே வந்தது. மாநாட்டுக்கு முந்தின நாள் அவரே இன்னொரு யோசனை சொன்னார். பேச்சுக்கு முன்னால் திரையில் ஒரு நிமிடப் படம் ஓட வேண்டும், அவர் அந்த அறைக்குள் நிற்பது போல. நான் சொன்ன யோசனை இல்லை அது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் நேரத்தை மட்டும்தான் சொன்னேன்: காலை ஒன்பது மணி, பேருந்துகள் கிளம்பிய பிறகு. கூட்டம் இருந்தால் படத்தில் குறுக்கே வருவார்கள் என்றேன். ஓட்டுநரைச் சிறப்பு விருந்தினரை அழைத்துவர அனுப்பிவிட்டேன்.

தலைவர் நீலநிற சூட்டில் வந்தார். கனமான குளிர்ச்சட்டையை நீட்டினேன். "அது வேண்டாம்யா, டை தெரியணும்" என்றார். என் போனில் எடுக்கலாமா என்று கேட்டேன். "உங்க டப்பாவுலயா? இந்தாங்க, என்னோடதுல எடுங்க" என்று தன் போனை என் கையில் கொடுத்தார். உள்ளே போனார். கதவிடுக்கில் கட்டை இருந்தது. படத்தில் கட்டை தெரிகிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுங்க, எடுங்க. அதான் உள்ளருந்து தொறக்குமே" என்றார்.

நான் சற்று நேரம் அவரையே பார்த்தேன். கேலி செய்யவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். ஐந்து மேடைகளில் அந்த வரியைக் கேட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

கட்டையை எடுத்தேன். கதவு தன்னால் சாத்திக்கொண்டது.

மாடிக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் மணி அடித்தது. விட்டு விட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் என்னைத் தவிரக் கேட்க ஆளில்லை. எல்லோரையும் அவரே கைதட்ட அனுப்பியிருந்தார். பேச்சுத் தாள்களை அடுக்கி உறையில் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு அரங்கத்துக்கு நடந்தேன். கால் மணி நேர நடை. வெயில் நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்கு அவர் முறை வந்தது. அறிவிப்பாளரிடம் ஒரு சீட்டு கொடுத்தேன். "தவிர்க்க முடியாத காரணத்தால் தலைவர் வர இயலவில்லை, அவர் உரையை அலுவலக மேலாளர் வாசிப்பார்" என்று அறிவித்தார். யாரும் என்ன காரணம் என்று கேட்கவில்லை. கல்லூரித் தாளாளர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "அப்ப சாப்பாடு சீக்கிரம் ஆயிடும்" என்றார்.

மெதுவாக வாசித்தேன். அவசரப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. "தினமும் காலையில் அந்த அறைக்குள் நின்று என் தொழிலாளியின் குளிரை உணர்கிறேன்" என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். என் மனைவியைப் பற்றிய இரண்டு வரியையும் விடாமல் வாசித்தேன். "இன்று எங்கள் கிடங்கில் ஒவ்வொரு கதவும் உள்ளிருந்து திறக்கும்" என்றபோது அரங்கம் எழுந்து நின்று தட்டியது. பின்வரிசையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கைப்பிடியைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

சாப்பாட்டு வேளையில் மைத்துனன் தட்டோடு வந்தான்.

"மாமா, தலைவரு எங்க?"

"வருவாரு."

"அக்காவப் பத்தி எழுதினது நீங்களா?"

"ஆமா."

"எப்படி மாமா மனசு வந்துச்சு?" என்றான். பதில் சொல்வதற்குள் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மதியம் விருதுகள் கொடுத்து, நாலரைக்கு நன்றியுரை முடிந்தது. நான் கிடங்குக்கு நடந்து வந்து, மூன்றாம் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். டையைக் கழற்றிக் கைகளில் சுற்றியிருந்தார். மற்றதை நீங்களே பார்த்தீர்கள். மறுநாள் இரங்கல் உரை எழுதித் தர முடியுமா என்று அடுக்குமாடிக்காரர் ஆள் அனுப்பினாராம். அதற்குள் நான் இங்கே வந்துவிட்டேன்.

ஒரு கேள்வியை நீங்கள் நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஈரத்தில் கெட்டுப்போனதாகப் போன வருடம் எழுதப்பட்ட மணி, யாரும் பழுதுபார்க்காமலே இந்த வருடம் எப்படி அடித்தது என்று. மைத்துனன் போன வருடமே இதை வேறு மாதிரி கேட்டான். "மாமா, மணியோட சுவிட்சு ஏன் ஆஃப் ஆகி இருந்துச்சு?" கரண்ட் ஏறி இறங்கியதில் அதுவாகவே விழுந்திருக்கும் என்று சொன்னேன். அவன் நம்பினான்.

அந்த மணி கெடவே இல்லை. பனி உருகிப் பொத்தானில் இறங்கினால் அது சும்மாவே அடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. அது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் அன்று காலை பத்தரைக்கு அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஈரம் என்று நினைத்தேன். தலைவர் ஒரு மணிக்குள் வேண்டும் என்றிருந்தார், நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன், நல்ல வாக்கியம். பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவனே என்று தொடங்குவது. மூன்றாம் முறை அடித்தபோது எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

விசாரணை முடிந்ததும் நானே அதை மறுபடி போட்டுவைத்தேன். இந்த முறை நான் சுவிட்சைத் தொடவில்லை.

கைப்பிடியைத் தலைவர் மாற்றியிருந்தால் அவள் மணியை அழுத்த வேண்டியே வந்திருக்காது. ஆகவே அவளைக் கொன்றது அவர்தான். இதை மட்டும் என் வார்த்தைகளிலேயே, மாற்றாமல், முதல் பக்கத்தில் போடுங்கள்.