கழுத்தோரம் ஒரு நூலகம்

— மூடியைத் திறக்காதீங்க, ஹமாதி ஐயா. கடை பூரா வாசனை ஏறிக்கும்.

— அப்ப இது உன் கைவேலைதான்னு ஒத்துக்கிற.

— மூடியில சிவப்பு நூலைச் சுத்தி மெழுகு வெக்கிறது இந்தக் கடைத்தெருவுல நான் ஒருத்திதான். இதுல ஒத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. இத்தனை வருஷம் கழிச்சு வந்து நின்னுக்கிட்டு, நீ, வா, போன்னா நல்லா இல்ல. இங்க நிக்கிறது கடைக்காரி.

— தலெந்தா...

— கடைக்காரி.

— சரிங்க, கடைக்காரம்மா. இந்த அத்தருக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?

— பேரு வெக்கல.

— நான் சொல்லட்டுமா? அதாவது, நம்ம நூலகத்து மேல் மாடம். சட்டப் புத்தகமெல்லாம் இருக்குமே, யாரும் எட்டிப் பாக்காத அந்தக் கடைசி வரிசை. மத்தியானம். வெளிய பாலைவனக் காத்து நெருப்பா வீசுது, ஜன்னலெல்லாம் சாத்திக் கெடக்கு. அதுதான் இதுக்குப் பேரு.

— பழைய காகிதம், தோல், தேவதாரு, மேசைக்குப் பூசுற தேன்மெழுகு. நூலகம்னா இப்படித்தான் இருக்கும். டூனிஸ்ல ஒரு நூலகமா இருக்கு?

— என்கிட்டயே சொல்றியா இதை? ஆயுசு பூரா சுவடிக் காப்பாளனா உக்காந்தவன்கிட்ட? கேளு. காகிதம் பழசானா வாதாங்கொட்டையை உடைச்ச மாதிரி லேசா ஒரு இனிப்பு வரும். அது எல்லா நூலகத்துலயும் உண்டு, சரி. தோலும் மெழுகும் உண்டு. ஆனா முற்றத்து நாரத்தை பூத்து மாடம் வரைக்கும் ஏறி வர்ற அந்தக் கசப்பு எல்லா எடத்துலயும் உண்டா? கட்டு பிரிஞ்ச ஏட்டை ஒட்ட நான் காய்ச்சுவேனே கோதுமைப் பசை, அது உண்டா? அது என் கை வாசனை, தலெந்தா. என் விரல் வாசனையைக் கொண்டுவந்து பாட்டில்ல அடைச்சிருக்க.

— அப்படியா.

— அப்படியாவா? இன்னும் இருக்கு. இதெல்லாத்துக்கும் அடியில, நல்லா அடியில, கொஞ்ச நேரம் கழிச்சு சூடு பட்டாத்தான் மேல வருது. வேர்வை. பின்னலைத் தூக்கி முன்னால போட்டுக்கிட்டு குனிஞ்சு படிக்கிற ஒருத்தியோட பின்கழுத்து வேர்வை.

— அஸ்ஸலாமு அலைக்கும் தாயி! கல்யாணக் கூடை கட்டுறது இந்தக் கடைதானே?

— இந்தக் கடைதான். வாங்கம்மா, வாங்க.

— என் கடைசிப் பொண்ணுக்கு. நான் கைரவான்லேருந்து வர்றேன் தாயி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடற்கரைப் பக்கத்து ஆளுங்க, மூக்கு வானத்துல நிக்கும். கூடையில வாசனையே இல்லன்னு ஒரு சொல்லு வந்துரக்கூடாது. மருதாணி, சாம்பிராணி, மல்லிகைத் தைலம், பன்னீர், எதையும் கொறைக்காம வையி. ஆமா, இவரு யாரு, ஒன் வீட்டுக்காரரா? மூஞ்சி கடுகடுன்னு இருக்கே.

— இருந்தாரு.

— என்னது?

— வீட்டுக்காரரா இருந்தாரும்மா.

— அட அல்லாவே! இந்த வாயி இருக்கே இது, இதைத் தைக்கத்தான் ஊசி வாங்கணும். நான் அடுத்த தெருவுல பட்டு பாத்துட்டு வர்றேன், நீ கூடையைக் கட்டி வையி தாயி. யப்பா, நீங்களும் உக்காந்து பேசுங்க. நின்னுக்கிட்டே சண்டை போட்டா மூட்டு போயிரும், எங்க வீட்டு மனுசனைப் பாத்தவ நானு.

— உக்காருங்க. அந்தம்மா சொல்றது சரிதான்.

— நான் உக்கார வரல.

— நீங்க நின்னா வெளிச்சம் மறைக்குது. எனக்குச் சாம்பிராணி பொறுக்கணும். உக்காருங்க. பாட்டில் எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

— வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்தேன். வஸீலாவோட பெட்டியிலேருந்து. வஸீலான்னா...

— உங்க சம்சாரம். தெரியும். தபால் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க.

— பெருநாளுக்கு முந்தி ஒரு நாள் பூசிட்டு வந்தா. 'அத்தர்க்காரங்க தெருவுல வாங்கினேன், நல்லா இருக்கா'ன்னு கேட்டா. எந்திரிச்சுப் போய் முற்றத்துல நின்னேன். மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நனைஞ்சேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம். எத்தனை நேரம் ஒரு மனுஷன் மழையில நிப்பான்? உள்ள போனேன்.

— ம்.

— கேளு, தலெந்தா. இதை வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது, அதனால உன்கிட்ட சொல்றேன். வஸீலாவை என் அக்கா பாத்துக் கட்டி வெச்சா. நல்லவ. ஒரு நாள் முகம் சுளிச்சது கெடையாது. நானும் அவளை ஒரு சொல்லு சொன்னது கெடையாது. அதாவது, நாங்க ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா வாழ்ந்தோம். ஒரே கட்டில்ல, ரயில்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்த ரெண்டு பேரு மாதிரி. இப்ப இந்த எழவைப் பூசிட்டு வந்து படுக்குறா. நான் திரும்புறேன். தானா திரும்புறேன். அவ கழுத்துல மூஞ்சியை வெச்சுட்டு...

— முழுசாச் சொல்லணும்னு இல்ல.

— உன் பேரு வாயில வந்துடுச்சு. நாக்கைக் கடிச்சேன், ரத்தம் வந்துச்சு. அவ அது ஏதோ ஆசையில வந்த சத்தம்னு நெனச்சு என் தலையைத் தடவிக் குடுத்தா.

— போதும், ஹமாதி.

— போதுமா? காலையில எந்திரிச்சா அவ பாடுறா! இத்தனை வருஷத்துல சமையல்கட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்ல. புதுசா ஒரு கம்மல் வாங்கியிருக்கா. காபியில நாரத்தைப் பூத்தண்ணி ரெண்டு சொட்டு விட்டுக் கொண்டுவந்து வெச்சுட்டு, போகாம அங்கயே நிக்கிறா. என் புருஷனுக்கு என்மேல ஆசை வந்துடுச்சுன்னு நம்புறா. நான் திருடன் மாதிரி அந்தக் காபியைக் குடிக்கிறேன்.

— என்ன பாட்டு பாடுறாங்க?

— என்ன?

— பாடுறாங்கன்னு சொன்னீங்களே. என்ன பாட்டு?

— ஏதோ பழைய கல்யாணப் பாட்டு. ராகம் நிக்கவே நிக்காது அவகிட்ட. குரலும் நல்லா இல்ல. அதுகூட ஒரு மாதிரி அழகாத்தான் இருக்கு.

— பாட்டுக்கு வாசனை கெடையாதே. அது அழகா இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது? சரி, காபி குடிக்கிறியா?

— வேணாம். பேச்சை மாத்தாதே. எதுக்கு இதைச் செஞ்ச? அதைச் சொல்லு. பழி வாங்கவா?

— எதுக்குப் பழி?

— நீ கிராஸுக்கு அத்தர் வேலை படிக்கப் போனப்ப நான் கூட வரலங்கிறதுக்கு. ஒரு கோடைக்காலம்னு சொல்லிட்டுப் போன. கோடை மேல கோடை போச்சு. பிரெஞ்சுக்காரங்க ஊரு உன்னை விடல.

— நீயும் வான்னு எத்தனை தடவை எழுதினேன்?

— சுவடிகளை யார்கிட்ட விட்டுட்டு வர்றது? மேற்குச் சுவருல ஈரம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. பூச்சி வேற. ஒரு வருஷம் விட்டிருந்தா பாதி போயிருக்கும்.

— தெரியும். அதான் கோவமில்லன்னு சொல்றேன். நீ என்னையும் அந்த ஏடுகளையும் தராசுல வெச்ச, ஏடு கனமா இருந்துச்சு. நானும் உன்னையும் என் மூக்கையும் வெச்சுப் பாத்தேன். மூக்குதான் கனமா இருந்துச்சு. தலாக் பத்திரத்துல கையெழுத்துப் போட்டப்ப கூட நீ அழுதே, நான் அழுதேன், நோட்டரிதான் பாவம், யாருக்குக் கைக்குட்டை குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சான். இதுல பழி எங்கேருந்து வருது?

— அப்ப இது என்ன? சும்மா ஒரு சரக்கா? நம்ம ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு மத்தியானத்தைப் போற வர்றவளுக்கெல்லாம் வித்துக்கிட்டு இருக்கியா? நாளைக்கு நான் ட்ராம்ல ஏறினா, பக்கத்துல நிக்கிற எவளோ ஒருத்தி மேல நீ வீசுவியா?

— மெதுவாப் பேசு. எதிர்க்கடையில காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு.

— நிக்கட்டும். இனிமே இதை நீ செய்யக்கூடாது. வஸீலா மறுபடி வாங்க வருவா, பாட்டில் காலியாகப் போகுது. தீந்துபோச்சுன்னு சொல்லிடு. ரோஜாவோ மல்லிகையோ குடு.

— மல்லிகையைக் குடுத்தா நீ திரும்ப மாட்டியே.

— திரும்ப மாட்டேன்.

— அவங்க பாட்டு நின்னுடும்.

— நிக்கட்டும். பொய்யில பாடுறதுக்கு நின்னு போறது மேல். இல்ல, தலெந்தா, நான் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவகிட்ட சொல்லிடப் போறேன். நீ ஏமாந்துட்ட வஸீலா, நீ கழுத்துல பூசிக்கிட்டு வர்றது என் முதல் பெண்டாட்டி, நான் தொட்டதெல்லாம் அவளைத்தான்னு சொல்லிடப் போறேன். அப்பவாவது நான் மனுஷன் ஆவேன்.

— நீ மனுஷன் ஆவே. அவ என்ன ஆவா?

— அழுவா. அழுது தீந்துடும். இப்ப அவளுக்குத் தெரியாம அவளை அவமானப்படுத்திக்கிட்டு இருக்கேனே, அதுவாவது நிக்கும்.

— சொல்லாதே.

— சொல்லத்தான் போறேன். விடு கையை.

— ஹமாதி, உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல! இந்த அலமாரி பூராப் பாரு. மேல் தட்டு, கீழ்த் தட்டு, உள் அறையும் திறந்துதான் கெடக்கு. இந்த மாதிரி இன்னொரு பாட்டில் எங்கயாவது இருக்கா?

— இல்ல. வித்துத் தீந்திருக்கும்.

— விக்கவே இல்ல. கடையில இதை நான் வெச்சதே இல்ல. மொத்தமே ஒரு பாட்டில்தான். உன் கையில இருக்கே, அது மட்டும்தான்.

— அப்ப யாருக்காகச் செஞ்ச? எனக்காகவா?

— உனக்கு ஏன் செய்யணும்? நீ என்னை விட்டா நூலகத்தை நெனப்ப, நூலகத்தை விட்டா என்னை நெனப்ப. உனக்கு அத்தர் எதுக்கு? சொல்ல மாட்டேன்னு ஒருத்திகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா நீ வீட்டுக்குப் போய், ஒண்ணும் தெரியாத ஏமாளின்னு அவளை நடுக்கூடத்துல நிக்க வெக்கப் போற. அதைப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு வாக்கை மீறலாம். போன குளிர்காலம், நல்ல மழை, கடையைச் சாத்தப் போற நேரம். ஒருத்தி வந்து நின்னா. தலை முக்காடெல்லாம் சொட்டச் சொட்ட. 'நான் ஹமாதியோட சம்சாரம்'னா.

— வஸீலாவா? இது உன் கடைன்னே அவளுக்குத் தெரியாதே!

— எல்லாம் தெரியும். நீ தூக்கத்துல என் பேரையும் அந்த நூலகத்தையும் சொல்றதுகூட அவளுக்குத் தெரியும்.

— சண்டை போட வந்தாளா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். சாவியைக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ கேக்குறா, 'அந்த நூலகத்துல நீங்க ரெண்டு பேரும் இருந்தப்ப என்ன வாசனை அடிச்சுதுக்கா? ஒண்ணு விடாம சொல்லுங்க. அதை எனக்குச் செஞ்சு குடுங்க'ன்னு.

— நீ செஞ்சு குடுத்த.

— ஒரு தோலுக்குப் படிஞ்சது இன்னொரு தோலுக்குப் படியாது. அவ கழுத்து வேற, என் கழுத்து வேற. வேலை முடிஞ்சு நேரா இங்க வருவா. முக்காட்டை விலக்கிட்டு உக்காருவா. நான் தடவிட்டுக் காத்திருந்து, குனிஞ்சு மோந்து பாப்பேன். இல்ல, வரலன்னு சொல்லுவேன். 'இன்னும் வரலையாக்கா'ன்னு பரீட்சை எழுதுன புள்ள மாதிரி கேப்பா. கடைசியா அந்த வாசனை வந்த அன்னிக்கு, மோந்து பாத்துட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். என் முகத்தைப் பாத்துட்டு எந்திரிச்சு எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தா.

— உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— முதல்ல வரல. துரத்திவிடத்தான் பாத்தேன். 'அவரு இன்னொருத்தியை நெனச்சுக்கிட்டு உன்னைத் தொடுவாரு, அது உனக்கு அவமானம் இல்லையா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன்.

— அதுக்கு அவ என்ன சொன்னா?

— 'அவரு யாரை வேணா நெனச்சுக்கட்டும்க்கா. ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பட்டும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்'னா.