மூவரில் இருவர்

பிப்ரவரி பதினேழாம் தேதி, மாலை நான்கு மணி பத்து நிமிடம். பள்ளத்தூரில் வெயில் சாய்ந்திருந்தது. வானத்தில் மேகம் இல்லை. தெற்கிலிருந்து மெல்லிய காற்று வந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டுவதற்கு அதைவிட இதமான வேளை அதிகம் வாய்ப்பதில்லை.

நேரத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம், பெல்சி, நீ கேட்டது நேரத்தைப் பற்றி. இந்த அலுவலகத்துக்குள் வந்ததும் உட்காராமலேயே கேட்டாய்: "பள்ளத்தூர்ல இருந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். எங்கப்பாவை ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் எங்குட்டுப் போனீக, மாமா?"

நீ செவிலியர். மாரடைப்பு வந்தவருக்கு ஒரு மணி நேரம் என்பது என்ன என்று உனக்குத் தெரியும். இந்த ஐந்து மாதங்களில் வேறு எவரும் இதைக் கேட்கவில்லை. முறையான கேள்விக்கு முறையான பதில் தரப்பட வேண்டும். கட்சி தாவியதாக என்மீது போடப்பட்ட தகுதிநீக்க மனுவில் பேரவைத் தலைவரின் முடிவு கையொப்பமாகிவிட்டது. அதைக் கொண்டுவரும் அலுவலர் திருமயத்தைத் தாண்டிவிட்டாராம். அவர் வரும்வரை பேசுவோம். கதவு சாத்தியிருக்கிறது. இங்கே சொல்வதை வெளியே நான் மறுப்பேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நேர்மை.

எங்கள் கட்சிக்குப் பேரவையில் நான்கு பேர். தலைவர் உன் தந்தை மரியப்பன். அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத சத்தியப்பிரியா ஒருவர். காளிராஜ் ஒருவர். நான்காமவன் வழக்கறிஞனான நான், வாக்கெடுப்பில் மற்றவர்களைச் சிதறாமல் நிறுத்தும் கொறடா. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு ஆளும் அணிக்கு இரண்டு வாக்குகள் குறைந்தன. அந்த இரண்டாக நானும் காளிராஜும் இருக்க இசைந்தோம். அதை விலைபோனது என்று உன் தந்தையின் ஆட்கள் சுவரில் எழுதினார்கள். எழுதட்டும். ஓர் அரசு கவிழ்ந்து, ஆறு மாதம் எந்தக் கோப்பும் நகராமல் கிடப்பதைவிட இரண்டு பேர் இடம் மாறி உட்காருவது நாட்டுக்கு நல்லது. இப்போதும் அப்படித்தான் கருதுகிறேன்.

தடையாக நின்றது சட்டம் மட்டுமே. கட்சி மாறுகிறவன் பதவியை இழப்பான். ஆனால் ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து மாறினால் அதற்குப் பெயர் தாவல் அன்று, இணைப்பு; பதவி நிலைக்கும். நால்வரில் இருவர் என்பது பாதி, போதாது. மூன்றாமவர் வேண்டும். உன் தந்தை வரமாட்டார். சத்தியப்பிரியா அவரை விட்டு வரமாட்டார். இதை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். வேறொரு வழியும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. மேலே இருக்கும் எண்ணைக் கூட்ட முடியாவிட்டால், கீழே இருக்கும் எண்ணைக் குறைக்கலாம். நால்வர் மூவரானால், நாங்கள் இருவர் போதும்.

இதைத் திட்டம் என்று சொல்லாதே. அன்று காலை வரை அது வெறும் கணக்கு.

வாக்கெடுப்புவரை என்னையும் காளிராஜையும் ஆளும் அணியினர் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் வைத்திருந்தார்கள். இப்போது எல்லா அணியினரும் செய்வதுதான். வெளிக்கதவில் இரண்டு பேர். உள்ளே வருபவர் யாராயினும் கைப்பேசியை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று வேளையும் கல்யாணச் சமையல். காளிராஜ் உன் தந்தையிடம் பள்ளியில் படித்தவன். தயங்கிக்கொண்டே இருந்தான். "வாத்தியார் நேர்ல வந்து நின்னா எனக்கு வாய் வராதுண்ணே" என்று இரண்டு நாளாகப் புலம்பினான். வாத்தியார் நேரில் வந்தார், வழக்கம்போல நகரப் பேருந்தில். கைப்பேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர் முற்றத்தில் பந்தி விரித்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"கல்யாண வீடு மாதிரியில்ல இருக்கு. மாப்பிள்ளை யாரு, வக்கீலா காளிராஜா?"

காளிராஜ் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருய்யா. பணியாரத்தைத் தின்னு முடி. திங்கிறப்ப எந்திரிச்சா எந்த அணியிலயும் சேத்துக்கிற மாட்டாக."

இன்னும் அரை மணி நேரம் அவர் பேசியிருந்தால் காளிராஜ் அவரோடு பேருந்தில் ஏறியிருப்பான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்குள் உன் தந்தையின் நெற்றி வியர்த்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். மார்பில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்றான் காளிராஜ். அது வந்து சேருமுன் நானே கொண்டுபோய்விடுவேன் என்றேன். அந்த வீட்டிலிருந்த அனைவரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். வாயிலில் கொடுத்த கைப்பேசியை அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

கோட்டையூர் வழியாக நேரே வந்திருக்கலாம். நான் மேற்கே மானகிரிப் பக்கம் திருப்பினேன்.

"இங்குட்டு எதுக்குய்யா திருப்புறீக?"

"கோட்டையூரில் மறியலாம், சார்."

"யாரு மறிக்கிறா?"

"நம் கட்சிக்காரர்கள்தான்."

அவ்வளவு வலியிலும் சிரித்தார். "நம்ம கட்சியில ரோட்டை மறிக்கிற அளவுக்கு ஆளு எப்பய்யா சேந்துச்சு?"

உன் தந்தை அறிவில்லாதவர் அல்லர். மானகிரி தாண்டும்போது அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லித் தருகிறவரைப் போலப் பேசினார்.

"வக்கீலு, ஒங்களுக்கு நாலு மூணாகணும், அம்புட்டுத்தானே? நான் ராஜினாமா பண்ணிடுறேன். தாள் குடுங்க, இப்பவே எழுதித் தாரேன். மூணு பேருல ரெண்டு பேரு. சந்தோசமாப் போய்ச் சேருங்க. என்னைய ஆஸ்பத்திரில விட்டுருங்க. பெல்சி கல்யாணம் இருக்கு."

இந்த இடத்தை நீ நிதானமாகக் கேட்க வேண்டும். தாள் என் பையில் இருந்தது, பேனாவும் இருந்தது. ஆனால் உறுப்பினரின் பதவி விலகல் அவரது சொந்த விருப்பத்தில் எழுந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உயிர் போகும் வேளையில், அடுத்தவன் வண்டியில் உட்கார்ந்து எழுதுவது விருப்பம் ஆகாது. பேரவைத் தலைவர் அதை நிராகரிக்கலாம். பிழைத்து எழுந்த பின் அவரே மறுக்கலாம். முப்பதாண்டு வழக்கறிஞனாக இருந்தவன் செல்லாத ஆவணத்தை வாங்க முடியாது. அதை அவரிடமும் சொன்னேன்.

"செல்லாதா?" என்றார். பிறகு சாலையைப் பார்க்கத் தொடங்கினார்.

வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. கோவிலூர்ப் பக்கம் ஒரு புளியமர நிழலில் சற்று நிறுத்தியிருந்தேன். மருத்துவமனையில் தள்ளுபடுக்கைக்கு அவரை இறக்கியபோது நானும் ஒரு கை கொடுத்தேன். தேவாலயத்தில் சவப்பெட்டியைத் தூக்கிய அறுவரில் நானும் ஒருவன். உன் தாயார் அற்புதம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கூட இருந்தீகளே என்று அழுதார். அதை மறுப்பது இரக்கமற்ற செயலாக இருந்திருக்கும்.

விளைவை மட்டும் பார். நான்காம் நாள் அரசு ஒரே வாக்கில் பிழைத்தது. அதன்பின் நிறைவேறிய ஒவ்வொரு மசோதாவும் காளிராஜின் கையும் என் கையும் உயர்ந்ததால் நிறைவேறியது. கண்மாயில் மண் அள்ள ஊராட்சியின் ஒப்புதல் தேவையில்லை என்ற சட்டம்கூட அப்படித்தான் வந்தது. உன் தந்தை இருந்திருந்தால் அது வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தில் வாக்களித்த எத்தனையோ ஆயிரம் பேரால் ஆகாததை இரண்டு கைகள் செய்தன. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று நீ எதிர்பார்த்து வந்திருந்தால், வீணாக வந்தாய்.

கார் நிற்கும் ஓசை கேட்கிறது. கதவைத் திறந்துவிடு. வாருங்கள் ஐயா, நான்தான் சிவபிரகாஷ். அந்தப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டுமா? இட்டுவிட்டேன். ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் பெண் ஏதோ கேட்கிறாள்.

"கடைசியா அப்பா என்ன செஞ்சாக?"

இவர் முன்னிலையிலும் சொல்லக்கூடிய பதில்தான் அது. காரைக்குடிக்குத் திரும்பும் சாலை இடப்பக்கம் வந்தபோது உன் தந்தை கையை நீட்டி, ஸ்டீயரிங் மேலிருந்த என் கையைப் பற்றினார். அவ்வளவு பலம் அவரிடம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தம் பக்கமாக, இடப்பக்கமாக இழுத்து இழுத்துப் பற்றினார். அந்தத் திருப்பம் பின்னால் போன பிறகுதான் பிடி தளர்ந்தது.

அழாதே, பெல்சி. அவர் என்னிடம் விடைபெற்றார்.

கொடுங்கள், ஐயா.