நீர் பட்டால் நிற்காத மண்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஹோல்மத் அவர்களே! உடுப்பில் ஒட்டிய புழுதியை உதறாமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் ரொட்டியைப் பாதியில் விட்டு ஓடிவந்த தாய்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பழத்தோட்டக் குழுமத்தின் இயக்குநர் திருவாளர் ஃபைசுல்லோ அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன். ஆனால் அமைதியாகப் பேசுவேன் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்!

“குன்று சரிந்தது இயற்கைப் பேரிடர்” என்று சொல்லிவிட்டு இப்போதுதான் அமர்ந்தார் இயக்குநர். இயற்கையா? நம் தலைக்கு மேலே, குன்றின் தோளிலே, உங்கள் பழத்தோட்டத்துக்காகக் கால்வாய் வெட்டியது இயற்கையா? வேண்டாம் என்று தடுத்த பெண்ணின் வாயை அடைத்தது இயற்கையா?

யார் அந்தப் பெண்? மவ்ஜுதா! மண்ணாய்வு படித்தவர், நம்மூருக்கு மருமகளாய் வந்தவர். கால்வாய் வெட்டுமுன் நடந்த தேநீர்க்கடைக் கூட்டத்தில் குன்றின் மண்கட்டி ஒன்றைக் கையில் ஏந்தி என்ன சொன்னார்?

“இது பாறை இல்லண்ணே. காத்து கொண்டாந்து கொட்டுன தூசி. மணலைவிடப் பொடிசு, களிமண்ணைவிடப் பெருசு. ஒவ்வொரு துகளும் முனையோட முனை தொட்டுக்கிட்டு நிக்குது, நடுவுல பூராவும் ஓட்டை. கொஞ்சூண்டு களியும் சுண்ணாம்பும்தான் பசை. தண்ணி எறங்குச்சுன்னா பசை விட்டுரும், மலையே உக்காந்துரும்.”

இயக்குநர் சிரித்தார். “ஏம்மா, இந்த மண்ணுல எங்க தாத்தா வச்ச செவுரு இன்னும் நிக்குதே!”

“காஞ்சு கெடக்கிறவரைக்கும் நிக்கும்” என்று சொல்லி, கட்டியைத் தேநீர்க் கிண்ணத்தில் போட்டார் மவ்ஜுதா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழம்பாகிப்போனது.

“சரிதான், இனிமே மலையை டீயில போடாதீங்கப்பா!” என்றார் இயக்குநர். அவருடன் வந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் தோழர்களே, நம் வீடுகள் விழுந்தன!

வசந்தம் வந்தது, வாய்க்காலில் வெள்ளம் வந்தது. ஒரு நண்பகலில் மவ்ஜுதா குன்றேறிப் பார்க்கிறார். தலைமதகில் நிறைந்து நுழைந்த நீர், தோட்டத்தை நூலாகச் சென்று சேர்கிறது. மீதி நீர் எங்கே? மண்ணுக்குள்ளே! கரையோரம் கை நுழையும் அகலத்தில் விரிசல்.

மதகுக் காவலர் நியாஸிடம் ஓடினார். “அண்ணே, மதகை அடைங்க!”

“பூட்டுச் சாவி இயக்குநருகிட்ட இருக்கும்மா. என் வேலை போயிரும்.”

“கீழ பாருங்கண்ணே! உங்க பொண்டாட்டி துணி காயப்போட்டுக்கிட்டிருக்கு!”

கடப்பாரை எடுத்தார் மவ்ஜுதா, பூட்டை உடைத்தார், மதகை இறக்கினார். “பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஆத்தோட எதிர்க்கரைக்கு ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே தெருவெல்லாம் ஓடினார். என் இரண்டு பெண்களையும் தோளில் போட்டுக்கொண்டு நானும் ஓடினேன். என் தம்பி சஃபர் மட்டும், “மாட்டை அவுத்து விட்டுட்டு வந்துர்றேண்ணே” என்று திரும்பினான்.

குன்று உருண்டு வரவில்லை. கூழாய் வழிந்து வந்தது. கீழ்த்தெரு புதைந்துபோனது. தம்பியைத் தோண்டி எடுத்தபோது அவன் மூக்கிலும் வாயிலும் குழம்பாய் மண்…

அழாதே என்று யாரையும் நான் தடுக்கமாட்டேன், தாயே. அழுங்கள்.

இன்று மவ்ஜுதா எங்கே? சிறையில்! என்ன குற்றம்? பூட்டை உடைத்தாராம்! நாளை விசாரணையாம்! ஊரைப் புதைத்தவருக்கு முன்வரிசை, ஊரைக் காத்தவருக்குக் கம்பிக்கதவா? இது நீதியா? இதை நாம் பொறுப்பதா?

எங்கே எழுகிறீர்கள், இயக்குநர் அவர்களே? அமருங்கள்! பின்னால் கை தூக்குவது யார்? நியாஸா? சத்தமாகச் சொல்லுங்கள்!

“அன்னிக்குக் காலையிலயே விரிசல் விட்டிருக்குன்னு நான் அவருக்குப் போன் போட்டேண்ணே. ‘பூ பூக்குற நேரம், தண்ணிய நிறுத்தாதே’ன்னுட்டாரு. மவ்ஜுதா வந்தது மத்தியானம்தான்.”

கேட்டீர்களா! மண் ஏமாற்றவில்லை, மக்களே! அதன் குணம் தெரிந்தும், விரிசல் விழுந்தது தெரிந்தும் தண்ணீரை ஓடவிட்ட வாய்தான் குற்றவாளி! நியாஸ், இதை நாளை நீதிபதியின் முன் சொல்வீர்களா?

“சொல்றேண்ணே. வேலை போனாப் போகட்டும்.”

அப்படியானால் நாளை காலை நியாஸ் தனியாகப் போகக்கூடாது. நீதிமன்ற வாசல் கொள்ளாத அளவுக்கு நாம் போவோம்! மவ்ஜுதாவை அழைத்துக்கொண்டுதான் திரும்புவோம்! பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்!